கிணற்றுக்குப் பவுடர் போட்ட கதை

குடிதண்ணீரைச் சுத்தம் செய்கிற உத்தியோகத்தில் ஒரு சங்கடம் உண்டு: வேலையை ஒழுங்காகச் செய்தால் ஊரில் ஒன்றுமே நடக்காது, ஒன்றுமே நடக்காததற்காக யாரும் வந்து நன்றி சொல்லவும் மாட்டார்கள். தண்ணீரில் வாசனை கொஞ்சம் தூக்கலாக இருந்தால் மட்டும் வீட்டைத் தேடிக்கொண்டு வந்துவிடுவார்கள்.

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் நான் திருவண்ணாமலையிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் ஹெல்த் இன்ஸ்பெக்டராக இருந்தேன். அம்மை குத்துவது, கொசு மருந்து அடிப்பது என்று வேறு வேலைகளும் உண்டு. ஆனாலும் ஜனங்களுக்கு நான் பிளீச்சிங் பவுடர்காரன்தான். சைக்கிள் கேரியரில் பவுடர் மூட்டை, ஹாண்டில்பாரில் ஒரு வாளி, பின்னால் இன்னொரு சைக்கிளில் என் உதவியாளர் மாணிக்கம். எனக்கு முன்பே அந்த வேலையில் சேர்ந்தவர். நாள் முழுக்கக் கூட இருந்தாலும் மொத்தமாக நாலு வாக்கியம் பேசினால் அதிகம். அந்த நாலில் ஒன்றாவது என்னைக் குத்தும்.

குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள், தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லி வீட்டில் திட்டு வாங்கியவர்கள், ஃபில்டரைத் தேய்த்துக் கழுவுகிற முறை யாருடையது என்று சண்டை போட்டவர்கள் எல்லோரும் என் கட்சிதான். நான் பட்டதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மூன்றாவது பிறக்கட்டும்

எமர்ஜென்சி நேரம். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு ஆள் பிடிக்கிறார்கள் என்று கிராமங்களில் எல்லோரும் பயந்து கிடந்தார்கள். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஓர் ஊரில் சிலருக்கு வாந்தி பேதி என்று தகவல் வந்ததும் நானும் மாணிக்கமும் மூட்டையோடு போனோம். ஊர்ப் பொதுக்கிணற்றைச் சுற்றிப் பெண்கள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். பவுடரில் பிள்ளை உண்டாகாத மருந்தைக் கலந்திருக்கிறார்கள், அதைக் குடித்தால் அப்புறம் ஊரில் தொட்டிலே கட்ட முடியாது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள்.

நான் சொன்னது எதுவும் எடுபடவில்லை. கடைசியில் ஒரு குடம் தண்ணீரில் மருந்தைக் கலந்து, அவர்கள் எதிரிலேயே காத்திருந்து, ஒரு சொம்பு குடித்துக் காட்டினேன். நடவுக்கு ஆள் கூட்டிப் போகிற முனியம்மா முன்னால் நின்றிருந்தாள். எனக்கு எத்தனை பிள்ளை என்று கேட்டாள். இரண்டு என்றேன். அப்படியானால் உங்கள் கணக்குத்தான் முடிந்துவிட்டதே, நீங்கள் குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன, மூன்றாவது பிறக்கட்டும், அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள். அந்த ஊரில் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று நாங்கள் வீடு வீடாக ஏறி இறங்கியதில் கால் வீங்கியது. நல்லவேளையாக யார் உயிரும் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து மறுபடி அந்த ஊருக்குப் போனேன். கிணற்றடிப் பெண்கள் என்னைப் பார்த்ததும் தாமாகவே ஒதுங்கி வழிவிட்டார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இரண்டுக்கு மேல் வேண்டாம் என்று சுவர் சுவராக எழுதி வைத்த இலாகாவில் இருந்துகொண்டு, என் வீட்டு விசேஷத்தைப் பற்றி நான் ஆபீசில்கூட மூச்சு விடவில்லை. மாணிக்கம் மட்டும் எங்கேயோ தென்னை மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முனியம்மா என் கையிலிருந்த வாளியை வாங்கிக் கிணற்று மேட்டில் வைத்தாள்.

"உங்க வூட்ல மாசமா இருக்காங்களாமே சார், மாணிக்கம் சொன்னாரு. போட்டுக்குங்க, எத்தினி மூட்டை வோணும்னாலும் போட்டுக்குங்க."

கொதித்தது எது?

செங்கம் ரோட்டில் ஆசிரமத்தை ஒட்டி வெள்ளைக்காரர்கள் அறை எடுத்துத் தங்க ஆரம்பித்ததும், டீக்கடைகளுக்கு இங்கிலீஷ் போர்டு முளைத்தது. கோபால் என்பவர் தன் கடையில் கொதித்து ஆறிய தண்ணீர் கிடைக்கும் என்று சிவப்பு எழுத்தில் எழுதி மாட்டியிருந்தார். நாலு எழுத்தில் இரண்டு தப்பு. ஆனால் கூட்டம் அந்தக் கடையில்தான்.

ஒரு நாள் சோதனைக்குப் போனேன். எவர்சில்வர் டிரம்மில் தண்ணீர் சில்லென்று இருந்தது. எப்போது கொதிக்க வைத்தீர்கள் என்றேன், விடியற்காலையில் என்றார். அவருடைய அடுப்பில் டீ பாய்லர் உட்கார்ந்தது போக ஒரு டம்ளர் வைக்கக்கூட இடம் கிடையாது. இவ்வளவு தண்ணீரையும் எதில் வைத்துக் கொதிக்க வைத்தீர்கள் என்று கேட்டேன். கோபால் கொஞ்சமும் தயங்காமல் டிரம்மைத் தட்டிக் காட்டினார்.

"இத தெனமும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊத்திக் கழுவறேன் சார். அதுக்கப்பறம் இதுல எந்தத் தண்ணி புடிச்சாலும் அது கொதிச்ச தண்ணிதான?"

கனகம்மா வீட்டு மாடி

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். அதே ஆசிரமப் பகுதியில் கனகம்மா என்பவர் தன் மாடி அறையை ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு நாள் மூச்சு வாங்க எங்கள் ஆபீசுக்கு வந்து நின்றார். அந்தப் பெண் நல்லவள்தானாம், நாள் முழுக்க மலையைப் பார்த்துக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாளாம். ஆனால் தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, பழுப்பாக எதையோ சொட்டு சொட்டாக விட்டு, கலக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து குடிக்கிறாளாம். குடித்ததும் முகம் கோணுகிறதாம். போலீசுக்குப் போனால் தெருவில் பெயர் கெட்டுவிடும், தண்ணீரில் கலப்பதை விசாரிக்கத் தண்ணீர் இன்ஸ்பெக்டருக்கு அதிகாரம் இருக்கிறதே என்று கனகம்மாவே சட்டம் பேசினார்.

போனேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அயோடின். ஊர் ஊராகப் போகிறவர்கள் தண்ணீரில் இருக்கிற கிருமியைக் கொல்லக் கையோடு கொண்டு போவது. முகர்ந்து பார்த்தேன், காயத்துக்குப் போடுகிற டிஞ்சர் வாசனையேதான். கீழே வந்து கனகம்மாவுக்கு விளக்கமாகச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் தொங்கிவிட்டது. உள்ளறையில் ஒரு ஆண் குரல் செருமியது. கனகம்மா அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டிஞ்சர்தானா சார், நல்லாப் பாத்தீங்களா? வேற ஏதாச்சும்னா எங்க கெடைக்குதுன்னு எங்க வூட்டுக்காரரு கேட்டு வெச்சிக்கச் சொன்னாரு."

மைக்கில் கேட்ட சோடா

எங்கள் மேலதிகாரி ஒருவர் வேலூரிலிருந்து ஜீப்பில் வந்தார். அடி அண்ணாமலையில் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தோம். மருந்து போட்ட தண்ணீரைக் குடித்தால் நெஞ்சு எரிகிறது, முடி கொட்டுகிறது என்று அந்த ஊரில் பல பேச்சு. அதிகாரி வந்து நாலு வார்த்தை சொன்னால் கேட்பார்கள் என்பது என் யோசனை. முந்தின நாளே கிணற்றை இறைத்து, மருந்து போட்டு, சோதித்தும் பார்த்துவிட்டேன்.

அதிகாரி நன்றாகத்தான் பேசினார். இந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரைக் கண்ணை மூடிக்கொண்டு குடிக்கலாம் என்றார். பயப்படுகிறவர்களுக்கு விஞ்ஞானம் தெரியாது என்றார். பேசிப் பேசித் தொண்டை கட்டி இருமினார். பஞ்சாயத்துத் தலைவர் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே ஒரு சொம்பில் மொண்டு வந்து மரியாதையாக நீட்டினார். அதிகாரி வாங்கினார், உள்ளே எட்டிப் பார்த்தார், மேஜைமேல் வைத்தார். டிரைவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். ஜீப்பிலிருந்து கோலி சோடா வந்தது. கோலி உள்ளே இறங்கிய சத்தம் மைக்கில் ஊருக்கே கேட்டது. கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

திரும்பும்போது மாணிக்கம் பின்னால் மிதித்துக்கொண்டு வந்தார். பிறகு சைக்கிளை என் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"கெணத்துக்குப் போட்டுட்டோம் சார். அதிகாரிக்குப் போட மறந்துட்டோம்."

மஞ்சளாக வரவேண்டும்

சித்ரா பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்காகப் பாதை நெடுகத் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். அந்த வருஷம் பக்கத்து ஊர்களில் பேதி இருந்ததால் எங்களுக்குக் கண்டிப்பான உத்தரவு: ஒவ்வொரு பந்தலிலும் தண்ணீரைச் சோதிக்க வேண்டும், மருந்து போடாத பானையைக் கவிழ்த்துவிட வேண்டும். சோதனை சுலபம்தான். ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து, எங்களிடம் இருக்கிற மருந்தைச் சில சொட்டு விட்டால், குளோரின் இருக்கிற தண்ணீர் மஞ்சளாகும். இல்லாத தண்ணீர் அப்படியே இருக்கும்.

மளிகைக்கடை வடிவேலு வருஷா வருஷம் பந்தல் போடுகிறவர். வெட்டிவேர், ஏலக்காய் எல்லாம் போட்டு, பானையைச் சுற்றி ஈரத்துணி கட்டி, பார்த்தாலே தாகம் எடுக்கிற மாதிரி வைத்திருப்பார். அவருக்கு என் பவுடரைக் கண்டால் ஆகாது. வெட்டிவேர் வாசனையைப் பவுடர் கெடுக்கிறது, ஜனங்கள் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்புகிறார்கள், புண்ணியத்துக்குச் செய்வது பாவமாகப் போகிறது என்று காலையிலேயே சண்டை பிடித்தார். நான் பவுடர் பொட்டலத்தைக் கையில் கொடுத்து, எப்படிக் கலக்க வேண்டும் என்று சொல்லி, சாயங்காலம் வந்து பார்ப்பேன், குழாயில் மஞ்சளாக வராவிட்டால் பந்தலை மூடிவிடுவேன் என்று எச்சரித்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் கூட்டம் நெரிந்தது. வடிவேலு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து வந்தார். வழிவிடச் சொல்லி, முதல் பானையின் மூடியைத் தானே எடுத்தார். குழாயில் தண்ணீரை எடுத்தேன். சொட்டு மருந்து பாட்டிலை இன்னும் திறக்கவேயில்லை, அதற்குள் தண்ணீர் மஞ்சளாக இருந்தது. இரண்டாவது பானையிலும் அதே மஞ்சள். மூன்றாவது பானையில் அடியில் படிந்திருந்ததை விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். சாம்பாருக்குப் போடுகிற மஞ்சள்தூள். பவுடர் பொட்டலம் பிரிக்கப்படாமல் அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு அடியில் பத்திரமாக இருந்தது. எல்லாப் பானையையும் கவிழ்க்கச் சொன்னேன். மாணிக்கம் வேறு டிரம்மில் மருந்து கலந்த தண்ணீரைக் கொண்டுவரும்வரை வரிசையில் நின்றவர்கள் பேசிய பேச்சு முழுக்க எனக்குத்தான் விழுந்தது. வடிவேலுவுக்கு உண்மையிலேயே மனசு விட்டுப்போய்விட்டது.

"மஞ்சளா வரணும்னு நீங்கதான சார் சொன்னீங்க? கூட்ட நேரத்துல உங்களுக்கு எதுக்கு சிரமம்னு நானே வரவெச்சிட்டேன்."

போர்டில் எழுதியது

மலையைச் சுற்றிக் குளங்களுக்குப் பஞ்சமில்லை. அதில் ஒன்றின் தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினோம். குடிக்கக் கூடாது என்று முடிவு வந்தது. படிக்கட்டுக்கு மேலே, "இந்தத் தண்ணீர் குடிப்பதற்கு ஏற்றதல்ல" என்று போர்டு வைத்தேன். வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் வெளியூர்க்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்தார். போர்டை மனைவி மக்களுக்கெல்லாம் உரக்கப் படித்துக் காட்டினார். அப்புறம் இறங்கிப் போய் இரண்டு கையாலும் அள்ளினார். நான் ஓடிப்போய்த் தடுத்தேன், படித்தீர்களே என்று கேட்டேன். அவர் என்னை ரொம்பப் பரிதாபமாகப் பார்த்தார்.

"படிச்சேன் சார். தண்ணி குடிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கு, குடிக்கல. நான் தீர்த்தம் சாப்பிடறேன்."

வேகாத பருப்பு

அடி அண்ணாமலையை அடுத்த ஒரு குடியிருப்புக்கு ஆழ்துளைக் கிணறு போட்டு அடிபம்பு வைத்தார்கள். அதுவரை அங்கே எல்லோரும் ஏரியிலிருந்துதான் தண்ணீர் எடுத்தார்கள். மாடு இறங்குகிற ஏரி, வேறு எல்லாமும் இறங்குகிற ஏரி. பம்பு வந்த அன்று தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். எனக்கும் ஒரு மாலை போட்டார்கள். இனி இந்தப் பக்கம் பவுடர் மூட்டையைத் தூக்க வேண்டாம் என்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

ஒரு மாதம் போயிருக்கும். பம்படியில் துணி துவைக்கிறார்கள், மாடு கழுவுகிறார்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மறுபடி ஏரிக்கே போகிறார்கள். சாவித்திரி என்ற பெண்ணை நிறுத்தி, ஏன் என்று கேட்டேன். பம்புத் தண்ணீர் உப்பு என்றாள். உப்பு இருந்தாலும் அது சுத்தம் என்றேன். அவள் என்னைத் தன் அடுப்படிக்கே கூட்டிப்போய்க் காட்டினாள். காலையில் ஏற்றிய துவரம்பருப்பு மத்தியானம் ஆகியும் கூழாங்கல் மாதிரி கிடந்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகாது, மாமியார் தன்னைத்தான் சமைக்கத் தெரியாதவள் என்று திட்டுகிறார், வீட்டுக்காரர் தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார் என்று சொல்லும்போது அவள் கண் கலங்கியது. எங்கள் பாடப்புத்தகத்தில் பேதி இருந்தது, டைபாய்டு இருந்தது, மாமியார் இல்லை.

கொஞ்சம் யோசித்துவிட்டு, ஏரித் தண்ணீரில் சமைத்துக்கொள், அடுப்பில் கொதிக்கிறபோது கிருமி செத்துவிடும், குடிக்கிறதற்கு மட்டும் பம்புத் தண்ணீரை வை என்றேன். இரண்டு குடத்துக்கும் அடையாளத்துக்கு நூல்கூடக் கட்டிக் கொடுத்தேன். சாவித்திரி ஏதோ பெரிய வழக்கில் தீர்ப்பு வந்தமாதிரி மூச்சுவிட்டாள். அப்புறம் அவளுக்குக் கோபம் வந்தது.

"இத பம்புக்குச் சூடம் காட்டறப்பவே சொல்லியிருக்கலாம்ல சார்? ஒரு மாசமா எங்க வூட்டு மாடுதான் பருப்பு தின்னுது."

பீரோவில் இருக்கிறது

எண்பதுகளில் நகரத்தில் வசதியான வீடுகளுக்கெல்லாம் எவர்சில்வர் ஃபில்டர் வந்தது. மேல் அடுக்கில் தண்ணீரை ஊற்றினால், உள்ளே நிற்கிற வெள்ளைக் கேண்டில் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கும். எனக்குத் தெரிந்த பாங்க் காஷியர் ஒருவர் வீட்டில் அதை ஹாலில், சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அப்படியும் அவர்கள் பிள்ளைகளுக்கு அடிக்கடி வயிற்று வலி. போய்ப் பார்த்தேன். குழாயைத் திருகினால் தண்ணீர் மடமடவென்று கொட்டியது. மேல் மூடியைத் திறந்து பார்த்தேன், உள்ளே கேண்டிலே இல்லை, அது இருந்த ஓட்டையில்தான் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. காஷியர் மனைவியைக் கேட்டேன். அந்த அம்மாள் பெருமையோடு சாவிக்கொத்தை எடுத்தார்.

"பத்திரமா பீரோவுல இருக்கு சார். தண்ணி பட்டாக் கறுத்துப்போவுது, அதான் ஒரே நாள்ல கழட்டிட்டோம்."

கிருமிக்கு அவகாசம்

மழை பொய்த்த வருஷம் ஒன்று. கிணறெல்லாம் காய்ந்து, கிராமங்களுக்கு லாரியில் தண்ணீர் போனது. லாரியில் மருந்து கலந்து அரை மணியாவது காத்திருந்து அப்புறம்தான் விட வேண்டும் என்பது விதி. விதியை எழுதினவர்கள் லாரி வருகிற ஊரில் நின்று பார்த்ததில்லை. எங்கள் லாரி வழியில் பழுதாகி, இரண்டு நாள் தாமதமாக ஓர் ஊருக்குள் நுழைந்தது. புழுதி அடங்குவதற்குள் குடங்கள் லாரியைச் சுற்றிக்கொண்டன. நான் மேலே ஏறி மருந்தைக் கலந்துவிட்டு, அரை மணி பொறுங்கள், கிருமி சாக வேண்டாமா என்று கத்தினேன். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் உதடு வெடித்துப் போய் நிமிர்ந்து பார்த்தாள். அவள் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். அதற்கப்புறம் லாரி புறப்படுகிற இடத்திலேயே மருந்தைக் கலந்து அனுப்ப ஆரம்பித்தேன், குலுங்கிக் குலுங்கி வருவதற்குள் கிருமிக்குப் போதுமான அவகாசம் கிடைத்துவிடும். அன்றைக்கு அவள் கேட்டது இவ்வளவுதான்.

"அதுக்கு அரை மணி ஆவும்னு சொல்றீங்க. எங்களுக்கு அதைவிடக் கம்மியாத்தான் ஆவும் போல இருக்குது, பரவாயில்லையா?"

தணிகாசலம் வீட்டுக் கல்யாணம்

நகரத்தில் ஒரு தெருவில் குழாயில் தண்ணீர் வேகமாக வராது. ஒருவர் வீட்டு வாசலில் குழி தோண்டிக் குழாயைத் தாழ இறக்கினார், தண்ணீர் கொஞ்சம் ஜாஸ்தி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர் அதைவிட ஆழமாகத் தோண்டினார். இப்படியே போட்டி போட்டு, ரைஸ்மில் தணிகாசலம் வீட்டுக் குழிக்கு இறங்கப் படியே வைக்க வேண்டியதாயிற்று. குழிக்குப் பக்கத்திலேயே சாக்கடை. தண்ணீர் வராத நேரத்தில் குழியில் தேங்கிய அழுக்கைக் குழாய் உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். மறுநாள் தண்ணீர் வரும்போது தெரு முழுக்க அதைத்தான் குடிக்கும். அந்தத் தெருவில் வீட்டுக்கு ஒருவராகக் காமாலையில் படுக்க ஆரம்பித்தார்கள். ஒரு வாத்தியாரை வேலூர் ஆஸ்பத்திரிக்கே தூக்கிக்கொண்டு போகும்படி ஆயிற்று.

ஆழமான குழியைத்தான் முதலில் மூட வேண்டும். தணிகாசலம் மசியவில்லை. அவர் மகள் சுமதிக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. விருந்து வீட்டு வாசலில் பந்தல் போட்டுத்தான். குழியை மூடிவிட்டால் அத்தனை பேருக்குச் சமைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது, எங்கள் வீட்டில் யாருக்கும் காமாலை இல்லையே, கல்யாண வீட்டில் வந்து அபசகுனமாக நோயைப் பற்றிப் பேசாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார். நான் வெளியே வந்து சைக்கிளை எடுத்தேன். கல்யாணப் பெண் பின்னாலேயே வந்தாள். அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை. மாப்பிள்ளை வீட்டார் சாப்பிட்டால் அவர்களுக்கும் வருமா என்று கேட்டாள். வரலாம், உடனே தெரியாது, நாலைந்து வாரம் கழித்து வரும் என்றேன். அவள் விரல் விட்டு வாரத்தை எண்ணினாள். பிறகு, "அப்ப நான் அவங்க வூட்ல இருப்பேன் சார். நான் போன நேரம்தான் எல்லாரும் படுத்துட்டாங்கன்னு சொல்லுவாங்க. நீங்க மூடுங்க, அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றாள்.

மறுநாள் தணிகாசலம் பத்திரிகை வைக்கப் போளூர் போயிருந்தார். வெள்ளையடிக்க வந்த கொத்தனாரைச் சுமதியே கூப்பிட்டாள். அவரும் மாணிக்கமும் உடைந்த செங்கல்லைக் கொட்டிக் குழியை மூடி, குழாயை மேலே தூக்கி வைத்தார்கள். சாயங்காலம் வந்து பார்த்த தணிகாசலம் குதித்த குதியில் பந்தக்கால் ஆடியது. சுமதி அவரை உள்ளே கூட்டிப்போய் என்ன சொன்னாளோ தெரியாது, வெளியே வந்தபோது அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு அவர் தோட்டத்துக் கிணற்றிலிருந்து வண்டி வண்டியாகத் தண்ணீர் வந்தது. ஒவ்வொரு பீப்பாய்க்கும் நானே மருந்து போட்டேன். சமையல்காரர் என்னைக் கரண்டியால் அடிக்காத குறை. இன்னொன்றும் நடந்தது: தெருவில் மற்ற குழிகளை மூடும்போது முன்னால் நின்று அதட்டியவர் தணிகாசலம்தான். தான் மூடிவிட்டு இன்னொருவன் பிடிப்பதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இரண்டு மாதம் கழித்துக் கடைத்தெருவில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். சம்பந்தி வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"ரசத்துல ஆஸ்பத்திரி வாசனை அடிச்சதுன்னு இன்னும் சொல்லிக் காட்டறாங்க சார். வாசனைதான அடிச்சது, யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவலையேன்னு எம்பொண்ணு திருப்பிக் கேட்டுச்சாம்."

எங்கள் வீட்டுக் காப்பி

ஊரையெல்லாம் வழிக்குக் கொண்டுவந்தேன் என்று நினைக்காதீர்கள். என் மனைவி சரோஜா கடைசிவரை என் கட்சிக்கு வரவில்லை. குழாய்த் தண்ணீரில் மருந்து நாற்றம், கொதிக்க வைத்தால் செத்த ருசி என்று சொல்லி, காப்பிக்கு மட்டும் அடுத்த வீட்டு ரங்கநாயகியின் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவருவாள். அந்தக் கிணற்றில் இந்த மனுஷன் கை படவில்லை, அதனால்தான் அது அமிர்தம் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

ரங்கநாயகி அம்மாள் வாராவாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சரோஜா கோயிலுக்குப் போயிருக்கிற நேரமாகப் பார்த்து, கிணற்றுக்கு மருந்து போடச் சொல்வார். விடிவதற்குள் வாசனை போய்விடும். இதை ஏன் சரோஜாவிடம் சொல்லக் கூடாது என்று ஒரு தரம் கேட்டேன். சொன்னால் அவள் தண்ணீருக்கு வரமாட்டாள், எனக்குக் காலையில் பேச வேறு யார் இருக்கிறார்கள் என்றார். நானும் வாயை மூடிக்கொண்டேன். தினமும் காலையில் காப்பியை ஆற்றி என் கையில் கொடுத்துவிட்டு, நான் ஒரு வாய் குடிக்கும்வரை சரோஜா எதிரிலேயே நிற்பாள்.

"பாத்தீங்களா, மருந்து படாத தண்ணின்னா காப்பி எப்படி இருக்குதுன்னு? ஊர் ஊராப் போயி கெடுத்துட்டு வர்றீங்களே, இது எங்க உங்களுக்குத் தெரியப்போவுது."

இத்தனை வருஷ சர்வீசில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தண்ணீரில் இருக்கிற கிருமியைக் கொல்வதற்குப் பவுடர் இருக்கிறது, அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவர்களைச் சம்மதிக்க வைப்பதற்குத்தான் இன்னும் எந்தக் கம்பெனியும் பவுடர் கண்டுபிடிக்கவில்லை.